வலிக்காத கால்கள்: கோலாலம்பூரில் ஆறு நாள்

நவம்பர் 3, 2024, ஞாயிறு. பத்துமலை

காலை ஏழரைக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் உட்கார்ந்ததும் கல்லாவில் இருந்த அம்மா கேட்டது, "பசியாறிட்டீங்களா?" நம் ஊர் "சாப்டாச்சா"வுக்கு இங்கே இதுதான் சொல். தோசை, சாம்பார், இரண்டு சட்னி. தீபாவளி முடிந்து மூன்றே நாள் என்பதால் ஒரு தட்டில் முறுக்கும் அச்சுமுறுக்கும் கேட்காமலே வந்தன, காசும் வாங்கவில்லை. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும். சும்மா "தே" என்றால் கெட்டிப்பால் தாராளமாக ஊற்றிய இனிப்புத் தேநீர்தான் வரும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இங்குள்ள தமிழர் பேச்சில் அதன் பெயர் 'இனிப்பு நீர்'.

பத்துமலைக்கு கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராகப் போகிறது. கந்த சஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள், அதோடு ஞாயிறு. 272 படியிலும் கூட்டம். வெயில் பதினோரு மணிக்கே கொளுத்த ஆரம்பித்துவிட்டது. படிகளில் செருப்போடு ஏறலாம், ஆனால் விரதம் இருப்பவர்கள் வாசலிலேயே கழற்றி விடுகிறார்கள். புறாக்கள் இறங்கும் அந்தப் பெரிய முற்றத்தில் பந்தல் இல்லாத இடத்தில் வெறுங்காலோடு பத்து எட்டு வைப்பதே கஷ்டம். சின்னப் பிள்ளைகள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடுகிறார்கள். அறுபதைத் தாண்டிய சிலர் மட்டும் அவசரமே இல்லாமல் நடக்கிறார்கள். கால் மருத்துவம் தெரிந்தவர் பயப்பட வேண்டியது அந்த நிதானத்தைப் பார்த்துத்தான்.

குழாயடியில் கால் கழுவ உட்கார்ந்த ஒருவரின் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் ஐம்பது காசு அகலத்துக்கு நீர் கோத்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் சொல்லித்தான் அவர் குனிந்து பார்த்தார். "வலிச்சாத்தானே தெரியும்" என்றார். ஜூஸ் கடைத் தம்பி ஒரு பை நிறைய ஐஸ் கொண்டு ஓடி வந்தான். நல்ல மனசு. ஆனால் உணர்ச்சி இல்லாத தோலில் ஐஸ் வைத்தால் சூட்டுக்காயத்தின் மேல் குளிர்க்காயமும் சேரும், அதுவும் அவருக்குத் தெரியாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினால் போதும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. ஈரம் ஒற்றி, சுத்தமான துணி சுற்றி, அன்றைக்கே கிளினிக்கில் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் காலால் நடந்து வீடு போகக் கூடாது. ஜூஸ் கடைத் தம்பி அந்த ஐஸை அப்படியே கீழே கொட்டிவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியும் கார் நிறுத்துமிடம் வரை தன் தோளையும் கொடுத்தான்.

வலி தெரியாத காலை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆயுளைக் கொடுத்த ஓர் எலும்பு மருத்துவர் உண்டு. பால் பிராண்ட். 1914 ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தவர். குழந்தையாக அவர் பேசிய மொழிகளில் நம் தமிழும் ஒன்று. இந்தப் பயணத்துக்குக் காரணம் நீரிழிவுக் கால்களுக்கு மாவுக்கட்டு போடும் ஒரு பயிற்சி வகுப்பு. அந்தக் கட்டு அமெரிக்கா போய், அங்கிருந்து உலகம் சுற்றி வந்ததில் பிராண்டின் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

நவம்பர் 4, திங்கள். சுங்கை பூலோ

வகுப்பு நாளைக்குத்தான். இன்று முழுக்க சுங்கை பூலோ. ரயில் நிலையத்திலிருந்து கிராப் காருக்கு 9 வெள்ளி (ரிங்கிட்). ஓட்டுநர் கேட்டது, "பூச்செடி வாங்கவா?" தலைநகரத்து ஆட்களுக்கு அந்த இடம் நாற்றுப்பண்ணை. சாலையின் இரு பக்கமும் காகிதப்பூ, அடேனியம், தொட்டி தொட்டியாகக் குரோட்டன்ஸ். பழைய நோயாளிகளும் அவர்களது பிள்ளைகளும் வளர்த்த தொழில் அது. பின்னால் இருப்பது 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு, 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு'. அக்காலச் சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. ஆனால் இதைக் கட்டியவர்கள் சிறைபோலக் கட்டாமல் தோட்டமும் தெருவும் சின்னச் சின்ன வீடுமாக ஒரு கிராமமாக அமைத்தார்கள். உச்சத்தில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், தனிக் காசு எல்லாம் உள்ளேயே. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே கொடுத்ததும் இங்கேதான் நடந்தது. அதைப் படத்தில் பார்ப்பதே கஷ்டமாக இருக்கிறது.

மருத்துவ வரலாற்றில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. டாப்சோன் மாத்திரைக்குத் தொழுநோய்க் கிருமி பழகிவிடும் என்பது 1964இல் இங்கிருந்துதான் உலகத்துக்கு உறுதியானது. இன்று மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம். 2007இல் குடியிருப்பின் ஒரு பகுதி இடிபட்டு பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. மிச்சம் இருக்கும் ஓட்டு வீடுகளுக்கு நடுவே நடந்தால் காலை பத்து மணிக்கும் குயில் சத்தம்தான்.

ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாளியின் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கம்பி அறுத்தாலும் அவருக்குத் தெரியாது, அதற்காகத்தான். "வாங்க, உக்காருங்க" என்று நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டார். வலது கையை நீட்டிக் காட்டினார். முன்கையின் மேல்பக்கம் ஒரு நீளத் தழும்பு, மணிக்கட்டில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று, விரல்களின் பக்கவாட்டில் ஒவ்வொன்றிலும் சின்னக் கோடு. "சின்ன வயசுல பண்ணது." இந்தத் தழும்புகளே அறுவையின் வரைபடம்.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். முழங்கை முட்டியின் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு அப்படி ஒன்று. அது கெட்டால் உள்ளங்கைச் சின்னத் தசைகள் செத்துவிடும். விரலின் அடிமூட்டு பின்னால் வளையும், நடு மூட்டும் நுனி மூட்டும் உள்ளே மடங்கும், கை நகம் விரித்த பறவைக் கால்போல ஆகிவிடும். ஆனால் முன்கையில் இருக்கும் நீளத் தசைகளில் பல முழு பலத்தோடு இருக்கும். பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த கொஞ்ச காலத்தில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அப்படி மடங்கிய கை ஒன்றைப் பிடித்துப் பார்த்தபோது அது இரும்புப் பிடியாக அவர் கையை நெரித்தது. பிடித்தவருக்கோ தான் நெரிப்பது தெரியவில்லை. கை செத்துப் போகவில்லை, உள்ளே உயிருள்ள தசை இருக்கிறது, அதில் ஒன்றைக் கடன் வாங்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1948இல் வேலூரில் கை அறுவைகள் ஆரம்பமாயின.

அவர் பெயரில் வழங்கும் முறை இது. மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் ஒன்றின் தசைநாரை அடியில் வெட்டி எடுப்பார்கள். ஒன்று போனாலும் மணிக்கட்டைத் தூக்க இன்னும் ஆள் இருக்கிறது. அந்த நார் விரல் வரை எட்டாது என்பதால் கெண்டைக்காலில் இருக்கும் மெல்லிய நாரை எடுத்து ஒட்டு போட்டு, நான்கு வாலாகப் பிரித்து, ஒவ்வொரு வாலையும் உள்ளங்கை வழியே ஒரு விரலின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்த் தைப்பார்கள். தைக்கும்போது இழுவிசைதான் எல்லாம். மணிக்கட்டு மேல்நோக்கி, விரலின் அடிமூட்டு மடங்கி, மற்ற இரண்டு மூட்டும் நேராக, நான்கு வாலும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் நடு மூட்டு எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். தளர விட்டால் விரல் பழையபடி மடங்கும். அறுவைக்கு முன்பே விரல் மூட்டு விறைத்துப் போயிருந்தால் எவ்வளவு நல்ல தையலும் வீண். அதனால் முதலில் பல வாரம் மெழுகு ஒத்தடம், நீட்டும் பயிற்சி, விரலுக்கு மட்டும் குழாய் மாதிரி மாவுக்கட்டு. அறுவைக்குப் பின் மூன்று வாரம் கட்டு. அப்புறம் மணிக்கட்டைத் தூக்குவதாக நினைத்து விரலை நீட்டப் பழக்க வேண்டும். அந்தப் பாடம் எடுப்பது பிசியோதெரபிஸ்ட்.

பெரியவர் ஐந்து விரலாலும் ஒரு நாற்றைக் கிள்ளிப் பிடித்துத் தொட்டியில் நட்டார். நல்ல தையல். யார் செய்ததோ, மகராசன்.

பிராண்டின் கைக்கு வேறொரு பள்ளிக்கூடமும் உண்டு. ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். 1929இல் அப்பா கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். அம்மா எவலின் பின்னர் மலைக்குத் திரும்பி, முதுமை வரை தொண்டு செய்து மறைந்தார். பையன் முதலில் மருத்துவம் படிக்கவில்லை, சில வருடம் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். அதற்குப் பிறகுதான் லண்டனில் மருத்துவம், போர்க்காலத்தில் அறுவைப் பயிற்சி. மரத்தையும் சாந்தையும் தொட்டுப் பழகிய கை அது. மாவுக்கட்டைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது அரிது.

தொழுநோயில் விரல் தானாக அழுகி உதிர்கிறது என்றுதான் அன்று எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியாதபோது ஒரு பையன் சாவியை வாங்கித் திருப்பிவிட்டான். அவன் விரலோ எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. இரவில் முழுசாக இருந்த விரல் காலையில் காணாமல் போவதற்கு எலி காரணம் என்று கண்டுபிடித்து, வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். நோய் விரலைத் தின்னவில்லை. வலி என்ற காவலாளி போய்விட்டான், சூடும் கத்தியும் எலியும் செருப்பு ஆணியும் உள்ளே வந்தன. இந்த ஒரு கண்டுபிடிப்புதான் அவரைத் தொழுநோயைத் தாண்டி நீரிழிவு வரைக்கும் கொண்டுபோனது.

நான்கு மணிக்கு வானம் உடைந்து கொட்டியது. குடை பிடித்தும் பிரயோசனம் இல்லை, காலணி முழுக்க ஊறிவிட்டது. நாற்றுப்பண்ணைக் கொட்டகையில் நின்றபோது ஒரு சீன அம்மா, கேட்காமலே, பழைய செய்தித்தாளைக் கசக்கிக் காலணிக்குள் அடைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஈரக் காலணி நரம்பு கெட்ட பாதத்துக்குப் பெரிய எதிரி. தோல் ஊறி வெளுத்தால் சின்ன உராய்வுக்கே கிழியும்.

நவம்பர் 5, செவ்வாய். மாவுக்கட்டு

வகுப்பு நடந்தது ஒரு மருத்துவமனையின் சின்ன அறையில். இளம் எலும்பு மருத்துவர்கள், பிசியோக்கள், கட்டு போடும் உதவியாளர்கள் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மாவு பூசிய துணி ரோலில் முதலாவதைத் தண்ணீரில் போட்டதுமே பிரச்சினை தெரிந்தது. பிழிந்தால் தயிர்போல வர வேண்டிய பால் மணல்மணலாக வந்தது.

பெட்டி இரண்டு நாள் திறந்த நடையில் கிடந்திருக்கிறது. கோலாலம்பூர்க் காற்றில் ஈரம் எப்போதும் கனம். ஜிப்சம் கல்லைச் சுட்டு நீரை விரட்டிச் செய்த தூள்தான் இந்தத் துணியில் பூசியிருக்கிறது. அது தண்ணீரைக் கண்டால் மறுபடி கல்லாகும். காற்றின் ஈரத்தையே குடித்துவிட்டால் ரோலுக்குள்ளேயே பாதி கல்லாகிவிடும். அப்புறம் நனைத்தால் அங்கங்கே சீக்கிரம் இறுகும், அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது, பார்க்க வெள்ளையாக உறுதியாகத் தெரிந்தாலும் நடந்தால் விரியும். ரோலை மூடிய தகர டின்னில் வைத்து, போடும்போது ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டும். பத்து ரோலில் ஆறைத் தூக்கிப் போட்டோம். மீதி நான்கு சுமாராக இருந்தன. அதை வைத்து ஒப்பேற்றியது தப்பு என்று இரண்டு நாளில் தெரிந்தது.

வந்த நோயாளி, சிலாங்கூர் ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் பால் மரம் வெட்டிய அம்மா. இனிப்பு நீர் பதினைந்து வருடம். வலது பாதத்தில் பெருவிரல் மேட்டுக்கு அடியில் புண், ஏழு மாதமாக ஆறவில்லை. மருந்து, ஊசி, தினமும் டிரெஸ்ஸிங் என்று எல்லாம் நடந்திருக்கிறது. கால் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அந்தப் புண்ணுக்கு மருந்து மேலிருந்து, அடி கீழிருந்து. ஒரு நாளைக்குச் சில ஆயிரம் அடி.

முதலில் தகுதி பார்க்க வேண்டும். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழையைப் பாதத்தில் வளையும் அளவுக்கு அழுத்தினால் அவருக்கு ஐந்து இடத்தில் தெரியவில்லை. பாதத்தின் மேல்பக்கமும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடி நன்றாகத் துடித்தது. புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டவில்லை. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. நாடி இல்லாத காலுக்கும், எலும்பு வரை புரையோடிய புண்ணுக்கும், வாரம் ஒருமுறை வர முடியாதவருக்கும் இந்தக் கட்டு போடக் கூடாது. உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

புண்ணைச் சுற்றிய காய்ப்பை முதலில் கத்தியால் சீவ வேண்டும். அது செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. ஓரம் தோலோடு சமமாகும் வரை எடுத்தோம். புண்மேல் மெல்லிய காஸ் ஒன்று மட்டும், தடிமனாக வைத்தால் அதுவே அழுத்தும். விரல் இடுக்குகளில் பஞ்சு, விரல் நுனிகளுக்கு மேலே மடித்த ஸ்பாஞ்ச். நோயாளி குப்புறப் படுத்து முழங்காலை மேல்நோக்கி மடக்க வேண்டும், பாதம் கூரையைப் பார்க்கும், கணுக்கால் சரியாக தொண்ணூறு டிகிரி. காலில் முதலில் போடும் உறைத் துணியான ஸ்டாக்கினெட்டில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அது நாளைக்குப் புண். முன்னெலும்பின் விளிம்புக்கும் இரண்டு கணுக்கால் முட்டுக்கும் ஃபெல்ட் துண்டு. அதற்கு மேல் பஞ்சு ஒரே ஒரு சுற்று. முறிவுக்குப் போடும் கட்டுபோல மெத்தை மெத்தையாகச் சுற்றினால் இரண்டே நாளில் பஞ்சு அமுங்கி உள்ளே கால் ஆட ஆரம்பித்துவிடும்.

முதல் ரோலை இழுக்காமல் உருட்டிக்கொண்டே போட வேண்டும். உடனே இரண்டு உள்ளங்கையாலும் தேய்க்க வேண்டும், இறுகும் வரை நிறுத்தாமல். உள்ளங்கால் வளைவு, குதிகாலுக்கு மேலே இரண்டு பள்ளம், கணுக்கால் முட்டைச் சுற்றிய குழி, எல்லாவற்றிலும் மாவு தோலோடு தோலாகப் படிய வேண்டும். விரல் நுனி படக் கூடாது. ஒரு விரல் அழுத்திய குழி உள்ளே மேடாக நிற்கும், அந்த மேட்டில் அவருக்கு வலிக்காது. வகுப்பில் பாதிப்பேர் இங்கேதான் தவறினார்கள். அவசரக்காரர்களின் விரல் தானாக ஊன்றிவிடுகிறது. கொத்தனார் பூச்சு மட்டத்தைத் தட்டையாகப் பிடித்து இழுப்பதுபோல என்று ஓர் உதவியாளரே சொன்னார், அதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்புறம் பாதத்துக்கு அடியில் பட்டை, அதற்கு மேல் இரண்டு ரோல், ஒரு சின்ன ஒட்டுப்பலகை, நடக்க ரப்பர் அடி. கட்டு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடியும். இரண்டு நாள் ஊன்றக் கூடாது, மாவு முழுக்கக் காய அவ்வளவு நேரம் வேண்டும். இந்தக் கட்டு வேலை செய்யும் விதம் எளிது. ஒரு மேட்டில் விழும் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிறது, கொஞ்சத்தைக் கெண்டைக்கால் சுவர் தாங்குகிறது, கணுக்கால் அசையாததால் எட்டும் சின்னதாகிறது. 1930களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய்ப் புண்ணுக்கு இதைப் போட்டார்கள். பிராண்ட் வேலூரிலும் கரிகிரியிலும் இதைச் செம்மைப்படுத்தி, 1966இல் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது கூடவே கொண்டுபோனார். அங்கிருந்துதான் அமெரிக்க நீரிழிவு மருத்துவர்கள் கற்றார்கள். நம்மிடமிருந்து போன கைவேலை. விலை குறைவு, ஆனால் ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால்தான் பல இடங்களில் கைவிட்டுவிட்டு விலை கூடிய களிம்பு எழுதுகிறார்கள். இது நியாயமே இல்லை.

மதியம் வாழையிலைச் சாப்பாடு, 13 வெள்ளி. பாகற்காய் வறுவலை இரண்டு தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் போட்டார்கள்.

நவம்பர் 6, புதன். மழை, செருப்பு

காலையிலிருந்தே மழை. புண் ஆறிய காலுக்கு அடுத்து என்ன போடுவது என்று பார்க்க மஸ்ஜித் இந்தியா பக்கம் செருப்புக் கடைகளில் அலைந்தோம். நம் ஊர் மருத்துவமனைகளில் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. நுண்ணறை ரப்பர் அது, ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் அளவில் சுமார் 15 டிகிரி மென்மை. கட்டைவிரலால் அழுத்தினால் பாதியாக அமுங்கி உடனே எழும். அடியில் கெட்டியான ரப்பர், சைக்கிள் அல்லது கார் டயர். பின்வார் கட்டாயம், இல்லையென்றால் கழன்று விழாமல் இருக்க விரல்கள் இடுக்கிக்கொண்டே நடக்கும். ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது, தையலும் பசையும்தான். 20 வெள்ளிக்கு மெத்து மெத்தென்று கிடைக்கும் ஸ்பாஞ்ச் செருப்பு கையில் பிடிக்க நன்றாக இருக்கிறது. ஒரு மாதத்தில் அந்த மேட்டுக்கு நேர்கீழே நசுங்கித் தட்டையாகிவிடும், அழுத்தம் எங்கே அதிகமோ அங்கேதான் பாதுகாப்பு முதலில் தீரும்.

ஒரு கடைக்காரர், காயல்பட்டினத்துக்காரர், கடைசியில் விற்காமலே அனுப்பினார். "நீங்க சொல்றதைப் பார்த்தா இதை நான் யாருக்கும் விக்கக் கூடாது போலிருக்கே" என்றவர், இஞ்சித் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நவம்பர் 7, வியாழன். சூரசம்ஹாரம்

காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மாவின் மகள் போன் செய்தாள். "மிஸ்ஸி, கட்டு நடந்தா கிரீச் கிரீச்சுனு சத்தம் போடுது லா." வரச் சொன்னோம். விரல் மடங்கும் இடத்துக்கு நேராக அடிப்பக்கம் குறுக்கே விரிசல். ஈரம் குடித்த அந்த நான்கு ரோல். விரிந்த கட்டு கட்டே போடாததைவிட ஆபத்து, ஒவ்வொரு எட்டுக்கும் அந்த விளிம்பு உள்ளே கிள்ளும்.

ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்துத் திறந்தோம். கட்டுக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவு இடைவெளி. வீக்கம் அவ்வளவு வடிந்திருக்கிறது. இதனால்தான் முதல் கட்டை எப்படியும் ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டும், பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிளாஸ்டிக் தாளில் புண்ணின் ஓரத்தை வரைந்து செவ்வாய்க்கிழமைத் தாளோடு ஒட்டிப் பார்த்தோம். அகலம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அடித்தளம் மங்கல் மஞ்சளிலிருந்து ஈரச் சிவப்பாக மாறியிருந்தது, ஓரத்தில் ஒரு பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடு, புதுத் தோல். ஏழு மாதத்தில் வராதது இரண்டு நாளில். மகள் போனில் படம் எடுத்து அம்மாவிடம் காட்டினாள். தன் உள்ளங்காலை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லையாம்.

விரிசலுக்கு நேரே தோலில் ஒரு சிவப்புக் கோடு. புறங்கையை வைத்தால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடு. பிராண்ட் கையால் பாதத்தைத் தடவிச் சூடு தேடுவார், கருவி பிறகுதான் வந்தது. இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை அளந்தால் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் அது எச்சரிக்கை. புண் வருவதற்கு முன்பே சூடு வரும். கார்வில்லில் எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தைத் தினம் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாத அழுத்தம்தான். சில நாளில் சூடு, வீக்கம், அப்புறம் தோல் உடைந்தது. தடவைகளைக் குறைத்து இடையில் ஓய்வும் விட்டால் அதே தோல் தடித்துப் பலமானது. வலி தெரிந்த நாம் ஒரு மைல் நடந்ததும் நம்மை அறியாமல் நொண்டிப் பாரத்தை மாற்றுகிறோம். வலி இல்லாதவர் கடைசி அடியையும் முதல் அடி மாதிரியே வைக்கிறார். பத்துமலையில் பார்த்த அந்த நிதான நடை இதுதான்.

புது டின் உடைத்துப் புது ரோலில் மறுபடி போட்டோம். இந்தத் தடவை பால் தயிராக வந்தது. ஒரு பயிற்சி மருத்துவர் போட்டார், மற்றவர்கள் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிராண்டை ஆசிரியராக நினைக்கும்போது மேரி வர்கீஸ் நினைவு வராமல் இருக்காது. வேலூரில் இளம் மருத்துவர். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே என்று வழி காட்டியவர் பிராண்ட். கை அறுவைக்கு மருத்துவர் எப்படியும் உட்கார்ந்துதான் செய்கிறார். மேரி அப்படியே செய்தார், பின்னர் அமெரிக்கா போய்ப் படித்து வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே நிறுவினார். 1972இல் பத்மஸ்ரீ. மடங்கிய கையில் மிச்சமிருந்த தசையைத் தேடிய அதே கண்தான் இங்கேயும் வேலை செய்தது. 1952இல் லண்டனில் ஹன்டேரியன் பேராசிரியர், 1960இல் மருத்துவத்துக்கான லாஸ்கர் விருது என்று பிராண்டுக்கு நிறையவே வந்தன. ஆனால் அவருடைய கூடத்தில் செருப்பு தைப்பவருக்கும் பிசியோவுக்கும் அறுவை மருத்துவருக்கும் ஒரே மேசை. 2003இல் சியாட்டிலில் காலமானார்.

மாலை கோயில் வாசல் தாண்ட முடியாத கூட்டம். சூரனின் தலை மாறி மாறி வர, குழந்தைகள் தோளில் ஏறிக் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற குடும்பம் பானகம் நீட்டியது.

நவம்பர் 8, வெள்ளி. பிரிக்ஃபீல்ட்ஸ்

விமானம் இரவில். காலையில் ஒரு வேலை பாக்கி. கட்டும் பலகையும் ரப்பரும் சேர்த்து அந்த அம்மாவின் வலது கால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. இடது காலில் அதே உயரம் கொடுக்காவிட்டால் இடுப்பு சாயும், நல்ல காலில் பாரம் கூடி அங்கேயும் புண் வரும், வயதானவர் விழவும் கூடும். வகுப்புகளில் அதிகம் மறந்துபோவது இந்த இன்னொரு செருப்புதான். மகள் இடது செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்தாள்.

நடைபாதையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த செருப்புத் தைப்பவர் இரண்டு ரப்பர் தட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளவு பார்த்தார். பசை தடவி, கால் மணி நேரம் காயவிட்டு, அப்புறம்தான் ஒட்டினார். முன்விளிம்பை அரத்தால் சாய்வாகத் தேய்த்தார், இல்லையென்றால் நுனி தட்டும். ஓரத்தில் நான்கு ஆணி அடிக்கப் போனவரைத் தடுத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆணி இல்லாம நிக்காதுங்க."

"சர்க்கரைக் கால்ண்ணே. ஆணி ஏறினா தெரியாது."

ஒன்றும் சொல்லாமல் ஆணியை டப்பாவில் போட்டுவிட்டுத் தடித்த நூலை எடுத்துச் சுற்றிலும் தைத்தார். 12 வெள்ளி கேட்டார். தையலுக்குத் தனியாகக் கொடுத்ததை வாங்கவில்லை. மகள் பையில் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போனாள்.